லாஸ் வேகஸ் வார இறுதி: நண்பர்கள் ஒரே போக்கர் மேஜையில் அமரலாமா?

மணல்மேடு:
கல்லூரி நண்பர்கள் நாங்கள் ஆண்டுதோறும் ஒரு வார இறுதியில் லாஸ் வேகஸில் கூடுவோம். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம்; போக்கர் ஒரு சாக்கு, சந்திப்புதான் நோக்கம். சென்ற முறை ஒரு கேசினோவின் சீட்டறையில் நடந்ததை இங்கே வைத்து நியாயம் கேட்கிறேன்.

1-3 டாலர் கட்டாயப் பந்தயத்தில் தொடங்கும் ஹோல்டம் மேஜை: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக மேஜையில். நான், என் நண்பர், முன்பின் தெரியாத ஒருவர் ஆகிய மூவரும் ஆட்டத்தில் இருந்தோம். நடுவில் 30 டாலர். விரித்த மூன்று சீட்டுகள்: இஸ்பேட் ஜாக்கி, ஹார்ட்டின் ஒன்பது, கிளாவர் நான்கு. அந்த மனிதர் 15 டாலர் கட்டினார். நண்பர் அதை 45 ஆக ஏற்றினார். என் கையில் ராஜாவும் ஜாக்கியும் இருந்ததால் நானும் 45 வைத்தேன். அந்த மனிதர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்து விலகினார். அதன்பின் நாங்கள் இருவர் மட்டும்தான். அடுத்த சீட்டு இரண்டு. இருவரும் செக் சொன்னோம், அதாவது பந்தயம் கட்டாமல் விட்டோம். கடைசிச் சீட்டு எட்டு, மறுபடியும் செக். சீட்டுகளைத் திருப்பினால் நண்பரிடம் மூன்று ஒன்பது. பணம் அவருக்குப் போனது.

உடனே அந்த மனிதர் மேற்பார்வையாளரை அழைத்தார். தன்னிடம் ராணியும் பத்தும் இருந்தன என்றும், நாங்கள் கூட்டுச் சேர்ந்து தன்னை வெளியேற்றினோம் என்றும் சொன்னார். மேற்பார்வையாளர் எங்களை எச்சரித்து, ஒருவரை வேறு மேஜைக்கு மாறச் சொன்னார். எட்டுப் பேர் நடுவே மோசடிக்காரன்போல நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் போன பிறகு என் நண்பனிடமிருந்து இன்னும் 100 டாலர் பிடுங்க எனக்கு மனமில்லை. இதில் என்ன குற்றம்?

ஒன்பதாம் இருக்கை:
குற்றம் இருக்கிறது, மணல்மேடு. நீங்கள் நல்ல மனிதர் என்பதால் அது இல்லாமல் போய்விடாது. கணக்கைப் பாருங்கள்.

அவரிடம் ராணியும் பத்தும். மேஜையில் ஜாக்கியும் ஒன்பதும். ஒரு ராஜாவோ ஒரு எட்டோ வந்தால் அவருக்கு அடுத்தடுத்த ஐந்து சீட்டுகளின் வரிசை சேர்ந்துவிடும்; அது மூன்று ஒன்பதை வெல்லும். அவர் பார்க்காத 47 சீட்டுகளில் அப்படிப்பட்டவை 8. அவர் முடிவெடுக்கும்போது நடுவில் 135 டாலர் இருந்தது. மேலும் 30 வைத்தால் தொடரலாம். ஒரு சீட்டை மட்டும் பார்ப்பதென்றால் இது நூலிழை வித்தியாசம். அந்த 30-க்கு ஏறத்தாழ நாலரை மடங்கு கிடைக்கும். சீட்டு வராமல் போகும் வாய்ப்போ வரும் வாய்ப்பைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அடுத்த சுற்றில் இன்னொரு பெரிய பந்தயம் வரும் என்று அஞ்சி அவர் விலகியது முற்றிலும் சரியான ஆட்டம்.

ஆனால் அந்தப் பந்தயம் வரப்போவதில்லை என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். இனி யாரும் ஏற்ற மாட்டார்கள் என்று அவருக்கும் தெரிந்திருந்தால், அதே 30 டாலரில் இரண்டு சீட்டுகளையும் பார்த்திருப்பார். அப்போது வரிசை சேரும் வாய்ப்பு 31 சதவீதத்துக்கு மேல். மூன்று ஒன்பது வைத்திருப்பவர் வரிசையையும் வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) சேர்த்துவிடக்கூடும் என்பதால் அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், தொடர்வதுதான் சரி என்பதில் சந்தேகமே இல்லை. கடைசியில் எட்டும் வந்தது. மேஜையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உங்கள் இருவரிடம் மட்டும் இருந்தது. அவர் இழந்தது அதனால்தான்.

மணல்மேடு:
நாங்கள் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. கண்ஜாடைகூடக் கிடையாது. அவர் விலகிய அந்த நொடியில் தோன்றியதைச் செய்தோம். 45-க்கு ஏற்றியது நண்பர் கையிலிருந்த நல்ல சீட்டின் பலத்தில். பேசாத ஒன்றைச் சதி என்று எப்படிச் சொல்வீர்கள்? நடுவில் இருந்த பணத்துக்கு அப்போது உரியவர்கள் நாங்கள் இருவர்தான். அதைக் கூட்டுவதும் விடுவதும் எங்கள் விருப்பம்.

கலைத்த கட்டு:
லாஸ் வேகஸில் பல ஆண்டுகள் டீலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மணல்மேடு சொல்வதில் பாதி உண்மை. போட்டியாக அல்லாமல் நேரடியாகப் பணத்துக்கு ஆடும் காசு மேஜையில் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகு கடைசிவரை செக் சொல்லிக்கொண்டே போவதைப் பல சீட்டறைகள் பெரிதுபடுத்துவதில்லை. கணவனும் மனைவியும் அப்படி ஆடியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஆள் இருக்கும்வரை ஏற்றிவிட்டு, அவர் போனதும் அமைதியாகிவிடுவதுதான் மேற்பார்வையாளர் கண்ணில் உறுத்தும். மூன்று ஒன்பதை வைத்துக்கொண்டு இரண்டு சுற்று சும்மா இருந்தவரைப் பார்த்தால் எந்த டீலரும் நிமிர்ந்துதான் உட்காருவார்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது தமிழில் பேசிக்கொண்டீர்களா? அமெரிக்கச் சீட்டறைகள் பலவற்றில், சீட்டு கையில் இருக்கும்போது ஆங்கிலம் மட்டுமே பேசலாம். நீங்கள் இரவுச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள். ஆனால் எதிரே இருப்பவருக்கும் டீலருக்கும் அது தெரிய வழியில்லை. ஒருவர் சீட்டை ஒருவர் மட்டுமே ஆட வேண்டும் என்பது அடிப்படை விதி. புரியாத மொழி வந்தவுடன் அந்த விதியைக் காப்பாற்ற டீலரால் முடியாது.

மணல்மேடு:
பேசினோம். மூன்று நாள்தான் சேர்ந்திருக்கிறோம், அதில் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் எதற்காக அவ்வளவு தூரம் பறந்து வருகிறோம்?

செங்காந்தள்:
இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். சேர்ந்திருக்க வந்தவர்கள் சீட்டறைக்கு ஏன் போகிறீர்கள்? ரூலெட் மேஜையில் கேசினோ உங்களை எதிர்த்து ஆடுகிறது. 38 குழிகள் கொண்ட சக்கரத்தில் கட்டிய தொகையில் சராசரியாக 5.26 சதவீதம் அதற்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். போக்கரில் அது உங்களை எதிர்த்து ஆடுவதில்லை என்பதாலேயே பலரும் இது நியாயமான மேஜை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கை எடுத்துக் கீழேயுள்ள பெட்டியில் போடுகிறார்களே, அதைக் கூட்டிப் பாருங்கள். மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டங்கள். ஆட்டத்துக்குச் சராசரி 4 டாலர் என்று வைத்துக்கொண்டால் 120 டாலர். 8 மணி நேரம் உட்கார்ந்தால் மேஜையிலிருந்து 960 டாலர் வெளியே போய்விடுகிறது. ஒன்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 100-க்கு மேல். ஜெயித்தவர் டீலருக்கு வைக்கும் சில்லறை இதில் சேராது. நண்பர்கள் உங்களுக்குள்ளேயே பணம் கைமாறினால்கூட மாலையில் எல்லோரும் சேர்ந்து ஏழையாகித்தான் எழுந்திருப்பீர்கள்.

ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். வட்டமாக உட்கார்ந்து தமிழில் சத்தமாகப் பேசி ஆடுங்கள். தனியார் வீட்டில், ஆட்டத்தை நடத்துவதற்கென்று யாரும் பணம் எடுக்காத சீட்டாட்டத்தை நெவாடா சட்டம் உரிமம் வாங்க வேண்டிய சூதாட்டமாகக் கருதுவதில்லை. அங்கே நண்பனுக்கு விட்டுக்கொடுத்தால் எந்த அந்நியரும் பாதிக்கப்பட மாட்டார்.

வடகாற்று:
செங்காந்தள் அம்மா, உங்கள் கணக்கு சரி. யோசனைதான் ஆபத்து. நண்பர்கள் வட்டம் உடைந்துபோவதை நான் பார்த்தது வீட்டு மேஜையில்தான், கேசினோவில் இல்லை.

கேசினோ மேஜையில் ஒரு கண்டிப்பு உண்டு: ஆட்டம் தொடங்கும்போது உங்கள் முன்னால் என்ன சிப் இருக்கிறதோ அவ்வளவுதான் நீங்கள் பணயம் வைக்க முடியும். பையிலிருந்து நடுவில் எடுத்துப் போட முடியாது, வாய்க்கடனும் செல்லாது. வீட்டில் என்ன நடக்கிறது? இரவு இரண்டு மணிக்கு ஒருவர் "நாளைக்குத் தருகிறேன், எழுதிக்கொள்" என்கிறார். யாராவது எழுதிக்கொள்கிறார். விமானம் ஏறும்போது அந்தக் காகிதத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அடுத்த ஆண்டு அவர் வருவதில்லை. காரணம் கேட்டால் அலுவலகத்தில் வேலை என்பார். என் கண்ணெதிரே இருவர் இப்படித்தான் பேச்சை நிறுத்தினார்கள். பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட ஒருவரையொருவர் அழைக்கவில்லை.

பிறகு, சீட்டுப் போடுவது யார்? ஒரு சீட்டு தவறித் திரும்பிவிட்டால் தீர்ப்புச் சொல்வது யார்? அந்த 4 டாலருக்கு டீலர், கேமரா, யாருக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு மேற்பார்வையாளர் எல்லாம் கிடைக்கிறார்கள். மணல்மேடு கோபப்படும் அதே ஏற்பாடுதான் நாளைக்கு அவரையும் காப்பாற்றும்.

செங்காந்தள்:
தம்பி வடகாற்று, கடனுக்கு வழி இருக்கிறது. காசு மேஜையே வேண்டாம். ஆளுக்கு 100 டாலர் முதலிலேயே வைத்து, சிறிய போட்டியாக ஆடுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு சிப். தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். மறுபடி வாங்க முடியாது. எவ்வளவு மோசமாக ஆடினாலும் 100-க்கு மேல் ஒரு காசு போகாது. முதலில் தோற்றவர் அனைவருக்கும் சீட்டுப் போடட்டும்.

வடகாற்று:
இதை ஏற்கிறேன். மறுபடி வாங்கக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் இரக்கம் காட்டாதீர்கள்.

ஒன்பதாம் இருக்கை:
வீட்டுப் போட்டி நடக்கட்டும். நான் மணல்மேட்டின் கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அவர் அடுத்த முறையும் சீட்டறைக்குப் போகத்தான் போகிறார்.

பேசி வைக்கவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கல்லூரி நாளிலிருந்து பழகியவர்கள் நீங்கள். நண்பர் உங்களிடமிருந்து மேலும் பணம் எடுக்க மாட்டார் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்த அந்நியருக்கு உங்கள் மனம் தெரியாது, உங்கள் சிப் மட்டும்தான் தெரியும். அவரும் உங்களைப்போலவே வார இறுதிக்கு வந்தவராக இருக்கலாம். வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருந்து, ஒன்பது பேரும் தனித்தனியாக ஆடுகிறார்கள் என்று நம்பித்தான் பணத்தை மேஜையில் வைத்தார். அந்த நம்பிக்கை போய்விட்டால் போக்கர் என்ற ஆட்டமே இல்லை.

நண்பனிடம் பணம் பிடுங்க மனம் வராதது நல்ல குணம். அப்படியானால் நண்பன் இருக்கும் மேஜையில் அமராதீர்கள். சீட்டறையில் பத்து மேஜைகள் இருக்கும்; ஆளுக்கொன்றாகப் பிரிந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து பேசுங்கள்.

மணல்மேடு:
அந்த 30 டாலர் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அவருடைய ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஆனாலும் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகு நண்பனை விட்டுவிடுவது மோசடி என்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீட்டறைகளே கண்டுகொள்வதில்லை என்று டீலராக இருந்தவரே சொல்கிறார். தனித்தனி மேஜை என்ற யோசனையை மற்றவர்களிடம் வைக்கிறேன். நாங்கள் சனிக்கிழமை கேசினோ நடத்தும் தினப்போட்டி ஒன்றில் எல்லோரும் சேரலாம் என்றிருக்கிறோம். அங்கே மேஜையைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள், எங்கள் கையில் இல்லை. வெல்லும் பரிசில் ஒருவருக்கொருவர் 5 சதவீதப் பங்கு மாற்றிக்கொள்ளவும் பேசியிருக்கிறோம். அதற்கும் ஆட்சேபம் உண்டா?

கலைத்த கட்டு:
பங்கு மாற்றிக்கொள்வது தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் அன்றாட வழக்கம். 2003-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்ற கிறிஸ் மணிமேக்கர்கூடத் தன் பங்கில் ஒரு பகுதியைத் தந்தைக்கும் நண்பருக்கும் முன்பே விற்றிருந்தார். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. தொடங்கும் முன் எழுதி, எல்லோருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். ஜெயித்த பிறகு "முழுத்தொகையிலா, கட்டணம் போகவா" என்று சண்டை வரும். வரிப் பிடித்தமும் இருக்கும். அமெரிக்க வரிக்கணக்கில் வெளிநாட்டவராக இருப்பவர் வெல்லும் பரிசில் 30 சதவீதம் பிடிப்பது பொது விதி. பங்கு அதற்கு முன்பா பின்பா என்பதையும் எழுதுங்கள்.

ஒன்பதாம் இருக்கை:
பங்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் போட்டியில் விட்டுக்கொடுப்பது காசு மேஜையைவிடப் பெரிய தவறு. அங்கே நீங்கள் உயிரோடு விட்டுவைக்கும் நண்பர், அறையில் இருக்கும் அத்தனை பேருடைய பரிசிலும் கை வைக்கிறார். உங்களுக்கு அவரிடம் 5 சதவீதம் வேறு இருக்கிறது. போட்டி விதிகளில் இதற்குத் தண்டனை உண்டு: சில சுற்றுகள் வெளியே நிறுத்துவார்கள், மோசமென்றால் நீக்கிவிடுவார்கள். குலுக்கலில் நண்பர் பக்கத்து இருக்கைக்கு வந்தால், கையில் மூன்று ஒன்பது இருக்கும்போது அவர்மீதும் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு மனம் வராது என்றால் சனிக்கிழமைப் போட்டிக்கு உங்களில் ஒருவர் மட்டும் பெயர் கொடுங்கள்.

மணல்மேடு:
ஏற்றுகிறேன். அவனிடமும் இன்றே சொல்லிவிடுகிறேன்.