துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட பிறகு வாற சீழ்: காயம், குழாய், காய்ச்சல் பற்றின எங்கட அனுபவங்கள்

வாட் மிஸ்:

ஒப்பரேஷனுக்கோ ஐ.சி.யூவுக்கோ போன இடத்தில தொற்றுப் பிடிச்ச கதை உங்களிட்டயும் இருக்கும். எழுதுங்கோ. முதல்ல என்ர கதை.

வன்னியில ஒரு ஆஸ்பத்திரியில தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியா இருக்கிறன். காலமை வந்த உடன சத்திரசிகிச்சை வாட்டில கட்டில் கட்டிலா டிக்கெட்டை (நோயாளியின்ர வைத்தியக் குறிப்பை) புரட்டுறதுதான் முதல் வேலை. ஒப்பரேஷன் முடிஞ்சு எத்தினையாம் நாள், காய்ச்சல் கோடு ஏறியிருக்கா, கல்ச்சர் (சீழில, ரத்தத்தில என்ன கிருமி எண்டு வளத்துப் பாக்கிற சோதனை) அனுப்பினதா, மருந்து கட்டேக்க காயத்தைப் பற்றி என்ன எழுதினவை எண்டு பாப்பன். ஆள் வரேக்க உடம்பில இல்லாத தொற்று, வந்து 48 மணித்தியாலம் கழிச்சுத் தொடங்கினால் அது பொதுவா ஆஸ்பத்திரியில பிடிச்சது எண்டு எங்கட கணக்கு.

முதல் வருசம் என்ர கொப்பியில காயத்தொற்று நல்லாக் குறைவு. சந்தோசமா இருந்தன். ஒரு நாள் கிளினிக் வாசல்ல, ஒட்டுசுட்டானுக்கும் உள்ளுக்க இருந்து வந்த ஒரு அக்காவைக் கண்டன். சீசர் செய்து பன்னிரண்டாம் நாள். வாங்கில் நுனியில இருந்து, சீலைத் தலைப்பைச் சுருட்டி அடிவயித்தோட அமத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தா. விலத்திப் பாத்தால் கட்டுத்துணி மஞ்சளா ஊறி ஒட்டிப் போயிருக்கு. சேலைன் விட்டு நனைச்சு மெதுவா எடுத்தன். தையலின்ர இடப்பக்க நுனி ஒரு விரல் அளவுக்கு விட்டிருந்தது. "அஞ்சாம் நாளே நொந்தது மிஸ். பஸ் குலுக்கினதாக்கும் எண்டு இருந்திட்டன்" எண்டா. ஒன்பதாம் நாள் பார்மசியில கேட்டு கப்சூல் வாங்கிக் குடிச்சிருக்கிறா. அதால நாங்கள் எடுத்த சீழில கிருமி ஒண்டும் வளரேல்லை. எந்த மருந்து பிடிக்கும் எண்டு தெரியாமலே வைத்தியம் பாக்க வேண்டி வந்தது.

அவாவை நாலாம் நாள் துண்டு வெட்டி அனுப்பினது நாங்கள்தான். என்ர கொப்பியில அவாவின்ர பெயருக்கு நேர 'தொற்று இல்லை' எண்டு என்ர கையெழுத்திலயே இருந்தது.

ஒப்பரேஷன் காயத்தை 30 நாளைக்குக் கவனிக்க வேணும். உள்ளுக்குத் தகடோ செயற்கை மூட்டோ வைச்சிருந்தால் 90 நாள். இதெல்லாம் நான் படிச்சதுதான். ஆனா வாட்டுக்குள்ள மட்டும் எண்ணுறவள் நாலு நாளைத்தான் எண்ணுறாள் எண்டது அந்த வாங்கிலுக்கு முன்னால நிண்டேக்கதான் உறைச்சது. எங்கட சனம் காயம் நொந்தால் ஒப்பரேஷன் செய்த இடத்துக்குத் திரும்பி வராது. மல்லாவியோ நெடுங்கேணியோ, எது கிட்டவோ அங்க போகும். அங்க மருந்து கட்டி விடுவினம். எங்களுக்குச் செய்தி வராது.

இப்ப பத்தாம் நாளும் முப்பதாம் நாளும் போன் எடுக்கிறன். காயத்தில ஈரம் இருக்கா, சிவந்திருக்கா, விட்டிருக்கா, காய்ச்சல் காஞ்சதா, வேற எங்கயும் மருந்து எடுத்தீங்களா எண்டு கேப்பன்.

குளக்கட்டு:

நான் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள்ள இரண்டு தரம் வீட்டுக்குப் போவன். முந்தி எடை, தாய்ப்பால், தொப்புள் பாத்து முடிச்சிட்டு, காயத்தை "நோகுதா?" எண்டு வாயால மட்டும் கேப்பன். தாய்மார் "இல்லை" எண்டுவினம். வெக்கம்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில மாமியார் மருமகளின்ர வயித்தைப் பழைய வேட்டித் துணியால இறுக்கிச் சுத்திக் கட்டியிருந்தவா. வயிறு தொங்கக் கூடாதெண்டு அன்பாச் செய்த வேலை. சித்திரை வெயில். துணியை அவிட்டால் வேர்வையில தோல் வெளிறி, தையல் முழுக்க ஈரம். அந்த மனுசியை ஏச எனக்கு மனம் வரேல்லை. "அம்மா, ரெண்டு கிழமைக்குக் காயத்துக்குக் காத்துப் படட்டும், பிறகு கட்டுவம்" எண்டன். உடன கேட்டவா. வேற துணியைத் துவைச்சு வெயில்ல காயப் போட்டதும் அவாதான்.

இப்ப ஒவ்வொரு தாயின்ர காயத்தையும் கண்ணால பாக்கிறன். சந்தேகம் எண்டால் தாயிட்டக் கேட்டு ஒரு படம் எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்புறன்.

புதுக்குடியிருப்பு மகன்:

அப்பாவுக்குக் குடல் ஓட்டையாகி அவசர ஒப்பரேஷன். ஒன்பது நாள் மூச்சு மெஷின்ல இருந்தவர். கட்டில்ல தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது. மனுசன் சரிஞ்சு சரிஞ்சு போறார், கஷ்டப்படுறார் எண்டு நினைச்சு, ஆரும் பாக்காத நேரம் நான் பதிச்சு விட்டனான். ஒரு தாதி வந்து பேசாமல் திரும்ப உயர்த்தினா. பிறகு வெளியில கூப்பிட்டு, 30 பாகைக்குக் கீழ போனால் வயித்தில இருக்கிறது மேல வந்து நெஞ்சுக்குள்ள இறங்கும், மெஷின்ல இருக்கிறவைக்கு நிமோனியா வாற வழியில அதுவும் ஒண்டு எண்டு சொன்னா. நான் செய்ததை நினைச்சால் இப்பவும் நெஞ்சு பதறுது.

அங்க ஒவ்வொரு காலமையும் ஒரு தாதி கொப்பியோட வந்து, கழுத்துக் குழாய், மூத்திரக் குழாய், மூச்சுக் குழாய் எண்டு ஒவ்வொண்டாக் காட்டி "இது இண்டைக்கும் தேவையா?" எண்டு டொக்டரிட்டக் கேப்பா. தேவையில்லாட்டி ஏன் போட்டவை எண்டு எனக்குக் கோபம். ஆறாம் நாள் மூத்திரக் குழாயைக் கழட்டினவை. அப்பா இப்ப வீட்டில. அந்தக் கேள்வி எதுக்கெண்டு ஆராவது சொல்லுங்கோ.

வாட் மிஸ்:

தம்பி, குழாய் ஒவ்வொண்டும் கிருமிக்கு ஒரு படலை. எத்தினை நாள் திறந்து கிடக்கோ அவ்வளவு ஆபத்து. அதால ஐ.சி.யூவில ஆக்களை மட்டும் எண்ணுறேல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு, எத்தினை பேருக்கு எந்தக் குழாய் இருக்கெண்டு எண்ணுவம். மாதக் கடைசியில கூட்டினால் அது 'குழாய் நாள்'. 125 குழாய் நாளுக்கு ஒரு தொற்று எண்டு வையுங்கோ, ஆயிரம் குழாய் நாளுக்கு 8. அடுத்த மாதம் ஒண்டும் இல்லாட்டி 0. எங்கட மாதிரிச் சின்ன ஐ.சி.யூவில ஒரு ஆளாலயே எண் துள்ளும். ஒரு மாதத்தை வைச்சு ஆரையும் புகழவும் ஏலாது, பிழை சொல்லவும் ஏலாது.

பிழை சொல்லப் போய்த்தான் முந்தி வேலை செய்த இடத்தில கெட்டது. ஒவ்வொரு வாட்டின்ர எண்ணையும் சுவரில ஒட்டி, கூட்டத்தில எழுப்பி விட்டுக் கேட்டினம். ரெண்டு மாதத்தில எண் குறைஞ்சது. தொற்றுக் குறையேல்லை. கல்ச்சர் அனுப்புறதைத்தான் நிப்பாட்டியிருந்தவை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறேல்லை. கூடின எண்ணைக் கொண்டு வாற வாட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேணும், அவைதான் ஒழுங்காத் தேடுகினம்.

இதை வாசிக்கிறவை ஒப்பரேஷனுக்குப் போறதா இருந்தால், முதல் நாள் வீட்டில பிளேட்டால மயிர் வழிச்சுக்கொண்டு போகாதேங்கோ. கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குள்ள கிருமி இருந்திடும். வீட்டுக்குப் போன பிறகு காயம் ஈரமானால் பார்மசிக்கு முதல் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. எந்த ஆஸ்பத்திரி எண்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு விடேக்க தந்த துண்டைக் கையோட கொண்டு போய் ஒப்பரேஷன் திகதியைக் காட்டுங்கோ.

குளக்கட்டு, நீங்கள் அனுப்பின படத்தில இருந்த தங்கச்சிக்கு நேற்று மருந்து கட்டினது. காயம் ஆழமில்லை. நாளைக்குப் பத்தாம் நாள் கணக்கில எனக்கு ஏழு பேர். பெரும்பாலும் புருசன்மாரின்ர நம்பர். அறுவடை நேரம், பொழுதுபட்ட பிறகு எடுத்தால்தான் போன் வீட்டில இருக்கும்.