வலியில் இருப்பவருக்கு வெற்று மாத்திரை தரலாமா?

கேள்வி (மருந்தியல் மாணவி):
அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கான மாத்திரைகளைச் சோதிக்கும் ஆய்வுகள் பலவற்றில் ஞானப்பல் எடுக்கப்பட்டவர்களே பங்கேற்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை தரப்படுகிறது. இது எப்படி முறையாகும்? ஒருவர் மட்டுமே உணரும் வலியை எண்ணால் அளப்பதும் எனக்கு விளங்கவில்லை.

பதில் 1 (பல் அறுவை மருத்துவர்):
ஞானப்பல் எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் வேறு நோயற்ற இளம் வயதினர் என்பதாலும், மரப்பு ஊசியின் வீரியம் தணிந்ததும் ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள வலி எழுவதாலும் இந்த முறை நிலைத்துவிட்டது. வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ ஆன பிறகுதான் மாத்திரை தரப்படும். லேசான வலியில் மருந்து எதைக் குறைத்தது என்று காட்ட இடமே இருக்காது. அதன்பின் 4 முதல் 6 மணி நேரம் வரை, நோயாளியே, ஒரு முனை 'வலியே இல்லை', மறுமுனை 'மிகக் கடும் வலி' என்று அமைந்த 100 மில்லிமீட்டர் கோட்டில் தம் வலியைக் குறிப்பார், அல்லது 'இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை' என்பவற்றுள் ஒன்றைச் சொல்வார். தாங்க முடியாதவர் கேட்டால் மாற்று மருந்து தரப்படும். வெற்று மாத்திரையை நியாயப்படுத்துவது இந்த ஏற்பாடுதான். இது இல்லாத ஆய்வை நான் ஏற்கமாட்டேன்.

பதில் 2 (புள்ளியியலாளர்):
வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் சிலருக்கு வலி நன்றாகவே குறைகிறது என்பதால் அந்த ஒப்பீடு இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. சராசரியும் ஏமாற்றும்: சிலருக்கு முழு நிவாரணம், சிலருக்கு ஏதுமில்லை என்ற நிலையில், சராசரி காட்டும் 'பாதி நிவாரணம்' அநேகமாக யாருக்கும் கிடைத்திருக்காது. ஆகவே உச்ச நிவாரணத்தில் பாதியையாவது எட்டியவர்களை எண்ணி, வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவர் பயன்பெற எத்தனை பேருக்கு மருந்து தர வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இந்த எண் குறையக் குறைய மருந்தின் பயன் அதிகம். பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்புகளின்படி அந்த எண் ஐபுப்ரூஃபன் 400 மில்லிகிராமுக்கு 2.5, பாராசிட்டமால் 1000 மில்லிகிராமுக்கு 3.6; கோடீன் 60 மில்லிகிராமுக்கோ 12. ஐபுப்ரூஃபன் 200, பாராசிட்டமால் 500 இரண்டையும் சேர்த்துத் தந்தால் 1.6. அபினி வழி மருந்து என்பதாலேயே கோடீன் வலிமையானது என்று நம்பியிருந்த எனக்கு இந்த வரிசை வியப்பாகவே இருந்தது.

மாணவி:
அப்படியானால் குறைந்த எண்ணுள்ளதையே எல்லோருக்கும் தந்துவிடலாமா?

பதில் 1-ஐ எழுதியவர்:
கூடாது. இவை ஒரே ஒரு வேளை மருந்தைக் கொண்டு பெறப்பட்டவை. பல நாள் தொடரும்போது ஐபுப்ரூஃபன் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும் என்பதை ஆறு மணி நேரச் சோதனை சொல்லாது. குடற்புண் உள்ளவருக்கு நான் பாராசிட்டமாலையே எழுதுவேன்.