தண்டர்பேர்டில் மெயிலின் நடுப்பகுதி மட்டும் காலியாகத் தெரிகிறது. உதவி தேவை

செம்பூர் செயலாளர்:
வணக்கம். செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டிக்கு நான் செயலாளர். கணக்குப் பார்க்கும் அலுவலகம் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் பாக்கிப் பட்டியலை மெயிலில் அனுப்பும். லேப்டாப்பில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் திறந்தால் மேலே வணக்கம், கீழே அவர்கள் முகவரி; நடுவில் வெறும் வெள்ளை. போனில் ஜிமெயில் ஆப்பில் அதே மெயில் நீலப் பின்னணியில் பளிச்சென்று தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கியும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வேறு. பாக்கி வைத்திருப்பவர்கள்தான் "பட்டியல் எங்கே?" என்று முதலில் கேட்பார்கள்!

மாட்டுங்கா மாமா:
டார்க் தீம் வைத்திருக்கிறீர்களா? கறுப்பில் கறுப்பு எழுத்து விழுந்தாலும் இப்படித்தான் ஆகும். மெயிலுக்குள் ஒரு தடவை கிளிக் செய்து கன்ட்ரோல் + ஏ அழுத்திப் பாருங்கள், எல்லாம் செலக்ட் ஆகி எழுத்து எடுப்பாகத் தெரியும்.

செம்பூர் செயலாளர்:
தீம் வெள்ளைதான் சார். ஆனால் கன்ட்ரோல் + ஏ அழுத்தியதும் எல்லாம் வந்துவிட்டது! ஏ விங் 302, பி விங் 104 என்று வரிசையாகத் தெரிகிறது. உச்சியில் பொடி எழுத்தில் "இம்மாத நிலுவை விவரம்" என்று ஒரு வரியும் இருக்கிறது. போனில் அதைப் பார்த்ததில்லையே?

முலுண்ட் வாசகி:
அப்படியானால் எழுத்து எங்கும் போகவில்லை, வெள்ளையில் வெள்ளையாக இருக்கிறது. அந்த நீலம் ஒரு நிறம் அல்ல, அவர்கள் சர்வரில் (இணையத்தில் உள்ள அவர்கள் கணினியில்) இருக்கும் ஒரு படம். அதன்மேல் வெள்ளை எழுத்து. வெளியிலிருந்து வரும் படங்களைத் தண்டர்பேர்ட் தானாக இறக்காது. படம் வராததால் பின்னணி வெள்ளையாகவே நிற்கிறது. ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைக் கூகுளின் சர்வர் வழியாக வாங்கித் தானே காட்டுகிறது, அதனால்தான் போனில் சரியாகத் தெரிகிறது.

மெயிலுக்கு மேலே ரிமோட் கன்டென்ட் (வெளியிலிருந்து வரும் படம் முதலானவை) தடுக்கப்பட்டது என்று ஒரு பட்டை தெரியும். அதன் வலது ஓரப் பொத்தானில் இந்த மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லா மெயிலுக்கும் திறந்துவிட வேண்டாம். படத்தை இறக்கும்போது நீங்கள் எப்போது திறந்தீர்கள், எந்த ஐபி முகவரி (உங்கள் இணைய இணைப்பின் எண்) என்பதெல்லாம் அனுப்பியவருக்குத் தெரியும். விளம்பர மெயில்காரர்கள் இதை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

அந்தப் பொடி வரி, இன்பாக்ஸில் தலைப்புக்குப் பக்கத்தில் முன்னோட்டமாகத் தெரிவதற்காக வைப்பது. பயப்பட வேண்டாம். ஆனால் தெரியாத ஆள் அனுப்பிய மெயிலில் இப்படி ஒளித்த எழுத்து நிறைய இருந்தால் உஷார், ஸ்பேம் வடிகட்டியை ஏமாற்றவும் இதே வித்தைதான்.

மாட்டுங்கா மாமா:
ஞாயிற்றுக்கிழமைக்கு அவசரமென்றால் எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். நிறமெல்லாம் உதிர்ந்துவிடும், எழுத்து மட்டும் நிற்கும்.

செம்பூர் செயலாளர்:
அனுமதி கொடுத்ததும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. அப்புறம் இன்னொன்று. ஆல்ட் விசையை அழுத்தி, வியூ மெனுவில் மெசேஜ் பாடி ஆஸ் என்பதைப் ப்ளெயின் டெக்ஸ்ட் ஆக்கினேன், இனி நிறத் தொல்லையே வேண்டாம் என்று. இப்போது கரண்ட் பில் மெயில் முழுவதும் காலி. கன்ட்ரோல் + ஏ கொடுத்தாலும் ஒன்றுமில்லை!

முலுண்ட் வாசகி:
இது வேறு நோய். பல மெயில்களில் ஒரே செய்தி இரண்டு வடிவில் வரும்: வெறும் எழுத்து (ப்ளெயின் டெக்ஸ்ட்) ஒன்று, நிறம், படம், கட்டமெல்லாம் உள்ள எச்டிஎம்எல் ஒன்று. ப்ளெயின் டெக்ஸ்ட் வைத்தால் முதலாவதைத்தான் காட்டும். அனுப்பியவர் அதைக் காலியாக விட்டிருந்தால் உங்களுக்கும் காலிதான். கன்ட்ரோல் + யூ அழுத்தினால் மெயிலின் மூல வடிவம் (சோர்ஸ்) திறக்கும், இரண்டு பகுதியும் அடுத்தடுத்து இருக்கும். எச்டிஎம்எல் பகுதி புரியாத எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அது பேஸ்64 என்ற குறியாக்க முறை, கோளாறு அல்ல. அதே மெனுவில் ஒரிஜினல் எச்டிஎம்எல்லுக்குத் திரும்பிவிடுங்கள்.

கணக்கு அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பட்டியல் இருக்கும் கட்டத்துக்குப் படத்தோடு கூடவே ஒரு நீல நிறத்தையும் பின்னணியாகக் கொடுத்தால் போதும், படம் வராவிட்டாலும் எழுத்து தெரியும்.

செம்பூர் செயலாளர்:
மாற்றினேன், பில் வந்துவிட்டது. அலுவலகத்தில் சொன்னதற்கு, "அதெல்லாம் டிசைன் பண்ணின பையனைக் கேட்கணும்" என்றார்கள். அதுவரை பட்டியலைப் பிடிஎஃப்பாகவும் இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.