50-ஆ 35-ஆ: பிரைம் லென்ஸ் வாங்கிப் பட்ட பாடு

கேமராவுக்கு எல்லாரும் “முதல்ல ஒரு 50 வாங்கு” என்று சொன்னதால் நானும் ஒரு பிரைம் லென்ஸ், அதாவது ஸூம் ஆகாத லென்ஸ், வாங்கினேன். 50 மிமீ, எஃப் 1.8. எஃப் என்பது அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. மாட்டிய அன்றைக்கே சாயங்காலம், மேசை விளக்கடியில் படித்துக்கொண்டிருந்த மகளை எடுத்தேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 55-ல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 6400 வரை ஏற்றினால் கன்னமெல்லாம் மணல் தூவியது போல ஆகிவிடும். இதில் அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 640 போதுமாக இருந்தது, அதாவது கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் வீட்டில் நாலு பேரையும் சேர்த்து நிற்க வைத்து எடுக்கலாம் என்று பின்னால் போனேன், போனேன், முதுகு சுவரில் இடித்தது. என் கேமராவில் இருப்பது 1.5 கிராப் சென்சார், ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சாரைவிட நீள அகலத்தில் ஒன்றரை மடங்கு சின்னது. அதில் 50 போட்டால் ஃபுல் ஃபிரேமில் 75 போட்ட மாதிரி. மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் அகலத்தில் ஒன்றரை மீட்டர்கூட அடங்காது. படத்தில் அம்மாவுக்குப் பாதித் தோள்தான் கிடைத்தது. வாங்கும்போது எஃப் எண்ணை மட்டும்தான் பார்த்தேன், பக்கத்திலிருந்த 50-ஐப் பற்றி யோசிக்கவே இல்லை. இப்போது இன்னும் அகலமாகக் காட்டுகிற 35 வாங்கலாமா என்று பார்க்கிறேன். உங்களுக்கு எப்படி இருந்தது?

*

வாங்குவதற்கு முன்னால் பழைய படங்களைப் புரட்டிப் பாருங்கள். எந்த மிமீ-யில் எடுத்தோம் என்பது ஃபைலிலேயே பதிவாகியிருக்கும். நான் பார்த்தபோது பாதிக்கு மேல் 18, மிச்சத்தில் பெரும்பங்கு 55. அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள், ஸூம் வளையத்தைக் கடைசி வரை திருகிவிடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நடுவில் எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்பதுதான் விஷயம். எனக்கு 30-லிருந்து 37 வரை குவிந்து கிடந்தது. அப்புறம் வளையத்தை 35-ல் வைத்து டேப் ஒட்டி ஒரு வாரம் அப்படியே சுற்றினேன். மூன்றாவது நாள் கை தானாக வளையத்தைத் தேடுவதை விட்டுவிட்டது, கால் நகர ஆரம்பித்தது. சரி, இதுதான் என்று 35 வாங்கினேன். கிராப்பில் அது 52 சொச்சம், வீட்டுக்குள் தாராளமாகப் போதும்.

*

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அபர்ச்சர் 1.8 இருக்கிறதே என்று எல்லாப் படத்தையும் 1.8-லேயே எடுத்தேன். தாத்தாவை முக்கால் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படம் கேமரா திரையில் அபாரமாக இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மூக்கு நுனி கத்தி மாதிரி, கண் இரண்டும் பஞ்சு. கிராப் சென்சாரில் 50 மிமீ, 1.8, ஒரு மீட்டர் என்றால் கூர்மையாக விழுகிற ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான், மூச்சு விட்டு உடம்பு லேசாக ஆடினாலே ஃபோகஸ் கண்ணை விட்டு நகர்ந்துவிடும். இப்போதெல்லாம் முகத்துக்கு 2.5 அல்லது 2.8, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நின்றால் 4. கேமராவுக்குக் கிட்டே இருக்கிற கண்ணில் ஃபோகஸ் புள்ளியை நானே வைப்பேன், கேமராவை நம்பிவிட மாட்டேன்.

இதனால்தான் 1.4-க்கு ஆசைப்படுகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். 1.8-க்கும் 1.4-க்கும் நடுவில் மூன்றில் இரண்டு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதாவது ஐஎஸ்ஓ 1600 போட வேண்டிய இடத்தில் 1000 போடலாம், அவ்வளவே. கண்ணாடி பெரிதாகும், கனம் ஏறும், விலையும் ஏறும். அந்த மூன்றில் இரண்டுக்காக இதெல்லாம் வேண்டுமா? மேடை நிகழ்ச்சியை இருட்டில் தொழிலாக எடுக்கிறவர் வேண்டும் என்பார், அவருக்குச் சரிதான்.

*

என் கதை இன்னும் கேவலம். பழைய 50 ஒன்று கைமாறி வந்தது, நிக்கானின் ஏஎஃப்-டி வகை. கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை, அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை, பெருமையாக மாட்டினேன். ஃபோகஸ் நகரவே இல்லை. அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமரா பாடிதான் திருப்ப வேண்டும்; டி3000, டி5000 வரிசை பாடிகளில் அந்த மோட்டார் இல்லை, என்னிடம் இருந்தது அதில் ஒன்று. முன்கூட்டியே படிக்காத தப்பு என்னுடையது. ஆனால் ஒரு வருஷம் கையாலேயே ஃபோகஸ் திருகித் திருகி எடுத்ததில் ஓடுகிற பையனைத் தவிர மற்ற எல்லாம் வசப்பட்டுவிட்டது.

*

ஓடுகிற பையன் என்றதும் நினைவு வந்தது. “என் கிட் லென்ஸில்தான் ஸ்டெபிலைசர் இருக்கிறதே, பிரைம் எதற்கு” என்று நானும் இருந்தவன்தான். அது நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், அவன் ஓட்டத்தைப் பிடிக்காது. ஷட்டர் 1/15 வினாடியில் சுவர்க் கடிகாரம் தெளிவாக நிற்கும், பையன் புகையாகப் போவான். அவனை நிறுத்த 1/250-க்கு மேல் வேண்டும், வீட்டு விளக்கில் அதைக் கொடுப்பது அகல அபர்ச்சர்தான்.

நேர்மாறாக உச்சி வெயிலில் 1.4 திறந்தால் ஐஎஸ்ஓ 100-லேயே ஷட்டர் 1/8000-ஐத் தாண்டிக் கேட்கும். பல ஆரம்பநிலை பாடிகள் 1/4000-ஓடு நின்றுவிடும், படம் வெளுத்துப் போகும். ஒன்று அபர்ச்சரைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். வானத்துக்கு எதிரே மரக்கிளைகளை முழுசாகத் திறந்து எடுத்தால் ஓரமெல்லாம் ஊதாக் கோடு வேறு. எஃப் 4 பக்கம் போனால் பெரும்பாலும் மறைந்துவிடும், லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று என்னைப் போல பயப்படாதீர்கள்.

*

முதலில் எழுதியவன்தான். டேப் ஒட்டிப் பார்த்தேன், எனக்கும் 35 பக்கம்தான் வந்தது, வாங்கியாயிற்று. அதே சுவரில் முதுகை ஒட்டி நின்று எடுத்ததில் நாலு பேரும் அடங்கினார்கள், அம்மாவுக்கு இரண்டு தோளும். ஒரே குறை, முகம் நிறைய வரட்டும் என்று கிட்டே போனால் மூக்கு கொஞ்சம் முன்னால் வந்துவிடுகிறது, மகள் பார்த்துவிட்டு “என்னப்பா இது” என்றாள். அதனால் 50-ஐ விற்கவில்லை, அவள் மேசையில் உட்கார்ந்தால் அதை மாட்டிக்கொள்கிறேன்.