ரஃப் ஐடில்: கரடுமுரடா, உதறலா?

வணக்கம்.

பழைய கார்களின் பழுதறி கையேட்டுக்கு ‘ரஃப் ஐடில்’ (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் சீராக ஓடாமல் தடுமாறுவது) என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். மொழிபெயர்ப்புப் பொறிகள் ‘கரடுமுரடான செயலற்ற நிலை’ என்று தருகின்றன. இரண்டு பாதியும் தப்பு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இஞ்சின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று ஓடுகிறது. தன் உராய்வை வென்று, ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் இழுக்கிறது. இதில் செயலற்றது எது? கரடுமுரடு என்பதோ பாதைக்கும் பலகைக்கும் உரிய சொல்.

என் பரிந்துரை: ஐடில் – வெற்றோட்டம், ரஃப் ஐடில் – வெற்றோட்டத் தடுமாற்றம், மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை எரியாமல் போவது) – எரிதவறல், வேக்யூம் லீக் – வெற்றிடக் கசிவு. உங்கள் கருத்து?

*

> ஐடில் – வெற்றோட்டம்

ஐயா, சொல் அழகு. ஆனால் அது ‘நோ லோட்’, அதாவது சுமையில்லா ஓட்டம், என்பதற்குப் போய்ச் சேரவேண்டியது. நியூட்ரலில் 3000 சுற்றுக்கு முறுக்கினாலும் அது வெற்றோட்டம்தான், ஐடில் ஆகாது. ஏ.சி. ஓட, ஆட்டோமேட்டிக் கியர் ‘டி’யில் இருக்க, பிரேக்கை மிதித்து நிற்கும் காரோ ஐடிலில் இருக்கிறது, சுமையும் இருக்கிறது. ‘நின்றோட்டம்’ என்று வைத்தால், கிளட்சை மிதித்தபடி உருளும் வண்டி இடிக்கும். திராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருக்க, இஞ்சின் அணையாமல் தாங்கும் தாழ்ந்த வேகம்: வரையறை இவ்வளவுதான்.

பட்டறையில் ‘ஸ்லோ நிக்கல’, ‘ஸ்லோவைக் கொஞ்சம் ஏத்து’ என்கிறார்கள். தேடும் சொல் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது: தாழோட்டம். தாழோட்ட ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை), தாழோட்டக் காற்று வால்வு என்று ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. ஒரே இடறல், குளிர்ந்த இஞ்சின் 1200, 1500 சுற்றில் ஓடும் ‘ஃபாஸ்ட் ஐடில்’. ‘உயர் தாழோட்டம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். ‘குளிர்த் தாழோட்டம்’ போதும்.

‘வெற்றிடக் கசிவு’ வேண்டவே வேண்டாம். வெற்றிடம் எங்கும் கசிவதில்லை. வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. கசிவு என்று படித்தவர் இஞ்சினுக்கு வெளியே ஈரம் தேடிக்கொண்டிருப்பார். கள்ளச்சாவி, கள்ளநோட்டு வரிசையில் ‘கள்ளக்காற்று’ என்போம். கணக்கில் வராமல் புகுந்த காற்று என்பதுதானே விஷயம்! நுழையும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சார் உள்ள இஞ்சினில், சென்சாரைத் தாண்டி நுழையும் காற்று இஞ்சின் கணினிக்குத் தெரியாது. அதற்கு ஈடான பெட்ரோலும் வராது, கலவை மெலிந்து எரிப்பு தவறும். மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்த சென்சார் மட்டும் உள்ளவற்றில் கதை வேறு. அழுத்தம் ஏறியதைப் பார்த்துக் கணினி பெட்ரோலைக் கூட்டிவிடும். ஆகவே அங்கே உதறலைவிட வேகம் ஏறி நிற்பதே முதல் அறிகுறி.

ஓட்டை சின்னதாயிற்றே என்று விட்டுவிடவும் கூடாது. 3 மி.மீ. ஓட்டை தாழோட்டத்தில் நொடிக்கு 1 கிராமுக்குச் சற்று மேல் காற்றை இழுக்கும். சிறிய நான்கு சிலிண்டர் இஞ்சினுக்கு அந்த வேகத்தில் தேவைப்படும் மொத்தக் காற்றே நொடிக்கு 2, 3 கிராம்தான். சாலையில் 15 கிராம் இழுக்கும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. தாழோட்டத்தில் உதறுகிற வண்டி ஓட்டத்தில் சரியாகிவிடுவதற்கு இதுவே காரணம்.

*

தாழோட்டம், கள்ளக்காற்று இரண்டுக்கும் என் ஓட்டு. ‘தடுமாற்றம்’ மட்டும் உறுத்துகிறது. மூன்று வேறு நோய்களை ஒரே சாக்கில் கட்டுகிறோம். படிப்பவர் முதலில் எங்கே கை வைப்பது என்பதை அந்தச் சொல்லே சொல்லவேண்டும்.

பிரிக்கும் வழி எளிது: எண்ணிப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இஞ்சின் 800 சுற்றில் ஓடினால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை எரியும், அதாவது நொடிக்கு ஆறேழு முறை. நான்கும் சேர்ந்தால் நொடிக்கு 27 தட்டு. இனி:

வேகமுள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒன்று முதல் மூன்று நொடிக்கு ஒரு சுற்று வந்தால் அது அலைவு. நொடிக்கு ஆறேழு உதை சீராக வந்தால் ஒரே சிலிண்டர் ஒவ்வொரு முறையும் தவறுகிறது. ஒழுங்கில்லாமல் அவ்வப்போது வந்தால் கலவையோ தீப்பொறியோ நூலிழையில் நிற்கிறது. இவை இரண்டும் உதறல். எண்ணவே முடியாத ‘கிர்’ என்று ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் வந்தால் அது அதிர்வு. பானெட்டைத் திறந்து பாருங்கள்: இஞ்சின் சீராக நிற்க, வண்டி மட்டும் நடுங்கினால் இஞ்சின் மவுண்ட் ரப்பர் போய்விட்டது. இதற்குப் பிளக் மாற்றிப் பயனில்லை.

அலைவுக்குக் காரணம் பெரும்பாலும் கள்ளக்காற்று அல்லது கரி படிந்த தாழோட்டக் காற்று வால்வு. கால் எடுத்த நிலையில் வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் (பல இஞ்சின்களில் 1500ஐ ஒட்டி) கணினி பெட்ரோலை நிறுத்தும், வேகம் விழும், மறுபடி பெட்ரோல் விடும், மறுபடி ஏறும். ஊஞ்சல்தான்.

*

உதறல், அலைவு, அதிர்வு. நல்ல பிரிவு. மூன்றுக்கும் பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் ‘தாழோட்டக் கோளாறு’ என்று விடலாம்.

கையேட்டுப் பதிவில் சோதனையையும் ஒட்டிவிடுவது நல்லது. உதறலுக்கு: இஞ்சினைச் சூடாக்கி, இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டவும். வேலை செய்கிற சிலிண்டர் என்றால் வேகம் சட்டென்று விழும். கழற்றியும் மாற்றம் இல்லையென்றால் அதுதான் நோயாளி. முதல் ஒரு நொடியைக் கவனிக்கவேண்டும்; அதற்குள் தாழோட்ட வால்வு திறந்து வேகத்தை மீட்டுவிடும், ‘எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது’ என்று ஏமாறுவோம். ஓடும்போது பிளக் ஒயரைப் பிடுங்கும் பழைய பழக்கத்தை எழுதவேண்டாம். ஷாக் அடிக்கும், இக்னிஷன் காயிலும் மாட்யூலும் கெடும், எரியாத பெட்ரோல் வினைமாற்றியை (எக்ஸாஸ்டில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர்) சூடாக்கிப் பொசுக்கும்.

சிலிண்டர் தெரிந்தபின் பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றையும் பக்கத்துச் சிலிண்டருக்கு ஒவ்வொன்றாக இடம் மாற்றவேண்டும். உதறல் கூடவே போனால் பாகம் கெட்டது; அங்கேயே நின்றால் கம்ப்ரெஷன் பார்க்கவேண்டும். குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் உதறினால் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி இறுகியிருக்கும். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோல் திணறி, வேகத்தில் சரியானால், மூடாமல் சிக்கிய ஈ.ஜி.ஆர். வால்வையும் (எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இஞ்சினுக்குள் விடுவது) பார்க்கவும்.

கள்ளக்காற்றுக்கு வெற்றிடமானி, அதாவது மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் மானி. கடல்மட்டத்தில் நல்ல இஞ்சின் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். முள் ஆடாமல் தாழ்ந்து நின்றால் கள்ளக்காற்று, அல்லது தாமதமான இக்னிஷன் டைமிங். ஒரே தாளத்தில் சுண்டினால் வால்வு. பிறகு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெதுவாக நசுக்கவும். பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதியை இலகுவாக்குவது) குழாயை நசுக்கியதும் சீரானால் பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கிராங்க்கேஸ் காற்றுக் குழாயின் முழங்கை வளைவை விரலால் விரித்துப் பாருங்கள்: மேலே முழுசாகத் தெரியும், எண்ணெயில் ஊறிய அடிப்பக்கத்தில் வாய் பிளந்திருக்கும். கேஸ்கெட் ஓரத்துக்குத் தண்ணீர்த் தூவியே போதும். நனைந்த இடத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டத்தின் சத்தம் மாறும். கார்ப் கிளீனரைச் சூடான எக்ஸாஸ்ட் அருகே அடித்தால் தீப்பிடிக்கும்.

*

இன்னொரு சொல்: ‘தாழோட்டத் திருகு’.

இதை நான் சேர்க்க நினைத்தேன், நீங்கள் நல்லவேளையாகச் சொல்லவில்லை. கார்புரேட்டரில் திருகு இரண்டு. ஒன்று திராட்டில் மூடியைத் தாங்கும் வேகத் திருகு. இன்னொன்று பெட்ரோல்-காற்று அளவை மாற்றும் கலவைத் திருகு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், உதறுகிறது என்று வேகத் திருகை ஏற்றுவார்கள். திராட்டில் மூடி சற்றே திறந்து, அடுத்த கட்டத்துக்கான துளைகள் வெளிப்பட்டு, பெட்ரோல் அந்த வழியே வரும். அப்புறம் கலவைத் திருகை எவ்வளவு திருப்பினாலும் இஞ்சின் கண்டுகொள்ளாது. ஜெட் அடைத்துவிட்டது என்று தவறாக முடிவுகட்டுவார்கள்.

ஆகவே பதிவு இப்படி: தாழோட்டம், குளிர்த் தாழோட்டம், எரிதவறல், கள்ளக்காற்று, உதறல், அலைவு, அதிர்வு, வேகத் திருகு, கலவைத் திருகு. கடைசிச் சொல்லின் கீழ் ஒரு குறிப்பு: மெதுவாக உள்ளே திருகி, தொட்டதும் நிறுத்தி, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்துத் தொடங்கவும், இறுக்கினால் ஊசிமுனையில் வரி விழும், பிறகு அது எந்த அளவிலும் நிற்காது.