மறு: ‘தகவலறிந்த ஒப்புதல்’ போதுமா?

நண்பர்களே,

நோயாளிகளின் மருத்துவத் தரவை ஆய்வுக்குப் பகிர்வதற்கான படிவம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது: ‘informed consent’, அதாவது விவரம் புரிந்து நோயாளி தரும் சம்மதம், இதற்குத் தமிழில் என்ன போடுவது? நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் கீழே.

> ‘தகவலறிந்த ஒப்புதல்’ புழக்கத்தில் இருக்கிறதே, புதுச் சொல் எதற்கு?

இருக்கிறது. ஆனால் தகவலை அறிந்தது யார்? ஒப்புதலே அறிந்துகொண்டதுபோல நிற்கிறது. (‘படித்த களைப்பு’ என்பதுபோல இதுவும் தமிழில் செல்லும்தான், இலக்கணப் புலிகள் பாய வேண்டாம்.) எனக்குப் பெரிய உறுத்தல் ‘ஒப்புதல்’தான். வினையாக்கினால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்றாகிறது. ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற தொனி.

முதல் வரைவை உறவினர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். ‘மூன்றாம் தரப்பினருடன் தரவைப் பகிர்வதற்கு இதன்மூலம் தகவலறிந்த ஒப்புதல் அளிக்கப்படுகிறது’ என்ற வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதுல யார், யாருக்கு, என்னத்தைக் கொடுக்கறாங்க?” என்று கேட்டார். நான் எழுதிய வரிதான். பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: சொல்லைப் பிரித்தால் ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம் கிடைக்க வேண்டும். என் முன்மொழிவு ‘புரிந்திசைவு’. பிரித்தால் ‘நான் புரிந்துகொண்டேன்’, ‘நான் இசைகிறேன்’ என்று இரண்டு வாக்கியங்கள். படிவத்திலும் அவை இரண்டு இடங்களில் வரட்டும். முதலாவதற்கு முன்னால் ‘உங்கள் தரவை யார் பார்ப்பார்கள்?’ என்று ஒரு சின்னக் கேள்வி. தவறாகப் பதில் சொன்னால் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது, விளக்கத்தைத் திருத்த வேண்டும்.

> ‘அறிந்திசைவு’ இன்னும் சுருக்கமாக இருக்குமே?

இருக்கும். ஆனால் எட்டுப் பக்கத்தைக் கையில் கொடுத்தாலே ‘அறிவித்தாயிற்று’ என்று சொல்லிவிடலாம். ‘தெரிந்திசைவு’ம் சரிவராது, ‘தெரிந்தே செய்தான்’ என்றால் பழி வந்து ஒட்டிக்கொள்கிறது.

> ‘சம்மதம்’ என்றால் எல்லாருக்கும் புரியுமே?

முழுக்க ஏற்கிறேன். கலைச்சொல் அகராதிக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் ‘புரிந்திசைவு’. நோயாளி கையெழுத்திடும் இடத்தில் ‘சம்மதிக்கிறேன்’. தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்கவும், ‘இசைகிறேன்’ என்று அங்கே போட்டால் பாடப் போகிறாரா என்று கேட்பார்கள்.

எந்தச் சொல்லானாலும் ‘எதற்கு’ என்பது கூடவே வரவேண்டும். அமெரிக்காவில் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வு என்று நம்பி 1990 முதல் ரத்தம் கொடுத்தார்கள். அது மனச்சிதைவு, மூதாதையர் இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. வழக்கு 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் இருந்த சொற்கள் அவ்வளவு அகலமானவை. எனவே ‘மருத்துவ ஆய்வுக்கு’ என்று மொத்தமாக ஒரு கட்டம் வைக்காமல், ‘நீரிழிவு ஆய்வுக்கு’, ‘பிற நோய் ஆய்வுகளுக்கு’, ‘மருந்து நிறுவனங்களுக்கு’ என்று தனித்தனிக் கட்டங்கள். எல்லாம் காலியாகவே இருக்கட்டும். முன்கூட்டியே டிக் அடித்த கட்டத்தைச் சம்மதமாக ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்பதில்லை.

கொடுத்த சம்மதத்தை விலக்கிக்கொள்வது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதற்கு ‘இசைவு மீட்பு’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். மீட்பு என்றால் எல்லாம் திரும்பிவந்துவிடும் என்று தோன்றும். ஏற்கெனவே ஆய்வில் சேர்ந்து முடிவும் வெளியாகிவிட்டால் தரவை உருவியெடுப்பது பெரும்பாலும் நடக்காது. கலைச்சொல்லாக ‘இசைவு விலக்கல்’ இருக்கட்டும். படிவத்தில் ‘இனிப் பகிர வேண்டாம்’. அந்த ‘இனி’யை யாரும் வெட்டிவிடாதீர்கள்.

அப்புறம், வரைவில் ‘அடையாளம் நீக்கிய தரவு’ என்று ஆறு இடங்களில் இருக்கிறது. ஆனால் பெயருக்குப் பதில் ஒரு எண் போட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை மருத்துவமனையே வைத்துக்கொள்ளும் என்று அடிக்குறிப்பு சொல்கிறது. அதை எப்படி ‘நீக்கிய’ என்பது? ‘அடையாளம் மறைத்த’ என்று மாற்றலாமா? நாளைக்குள் சொல்லுங்கள், அச்சுக்குப் போகிறது.