மருந்து வரும் நாளுக்காகக் காத்திருந்த ஆஸ்பத்திரி

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவரின் பகிர்வு

அந்தக் காலத்துக் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் தங்கவே மாட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் எனக்கு முன் இருவர் எழுதியிருந்தார்கள். பல ஊர்களில் அது உண்மைதான். ஆனால் 1974-இல் பணியில் சேர்ந்து, பிரிக்கப்படாத இராமநாதபுரம் மாவட்டத்தின் வானம் பார்த்த சீமையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினாறு ஆண்டுகள் மருந்து கொடுத்தவன் நான். டாக்டர் நாற்காலியில் இருந்தும் நோயாளிக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போன நாட்களே என் மனத்தில் அதிகம் தங்கியிருக்கின்றன.

நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் அளித்த அறிக்கையை ஒட்டி, 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் வட்டாரந்தோறும் அமைக்கப்பட்ட நிலையங்களின் வரிசையில் வந்தது எங்களுடையது. ஆறு படுக்கைகள், ஓட்டுக் கூரை, பின்புறம் ஒரு கிணறு. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வேப்பமரத்தடியில் நூறு பேராவது அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீசா இருக்கும். எண்ணெய்ச் சீசா, சர்பத் சீசா, சாராயச் சீசா என்று எது கிடைத்ததோ அதைக் கழுவிக் கொண்டுவருவார்கள். வயிற்று உப்புசத்துக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, நீர்க்கடுப்புக்கு ஒன்று என்று பெரிய பாட்டில்களில் செறிவாகக் கலந்து வைத்திருக்கும் மிக்ஸ்சரை அளந்து ஊற்றித் தண்ணீர் சேர்ப்பேன். ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்ட, விளிம்பில் பல்பல்லாக வெட்டிய காகிதத் துண்டை மைதாப் பசையால் சீசாவின் மேல் ஒட்டுவது வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிகூட அந்தப் பல்லைப் பார்த்துச் சரியாகக் குடிப்பார். மாத்திரைகள் ஆயிரம் கொண்ட டப்பாக்களில் உதிரியாக வரும். எண்ணிப் பொட்டலம் கட்டுவோம்.

ஊசி என்றால் கண்ணாடி சிரிஞ்சுதான். மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஸ்டெரிலைசரை வைத்துக் கொதிக்கவிட வேண்டும். மண்ணெண்ணெய் தீர்ந்த நாளில் பக்கத்துத் தேநீர்க் கடையின் அடுப்பில் கொதிக்கவைத்து எடுத்து வந்திருக்கிறோம். முனை மழுங்கிய ஊசியைச் சாணைக் கல்லில் தீட்டுவதும் என் வேலையாக இருந்தது. அப்படித் தீட்டிய ஊசி குழந்தைகளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மருந்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், அனுப்புவோம். கேட்டதில் பாதிதான் வரும்; கேட்காதது சில சமயம் பெட்டி பெட்டியாக வரும். முதல் மாதம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நடக்கும். இரண்டாம் மாதத்தில், கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் சல்பா மாத்திரையை மூன்று நாளைக்குப் பதிலாக இரண்டு நாளைக்குக் கொடுக்கத் தொடங்குவோம். அது தவறு என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல வாய் வராததால் அப்படிச் செய்தோம். மூன்றாம் மாதக் கடைசியில் மிக்ஸ்சரும் புண்ணுக்குத் தடவும் ஜென்ஷியன் வயலட் என்ற ஊதா மருந்தும் மட்டுமே அலமாரியில் இருக்கும். டாக்டர் வெளிக்கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். பேருந்துக் கட்டணமும் இல்லாதவர்கள் அந்தச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

காசநோய்க்காரர்களின் நிலைமைதான் மிகவும் வேதனையானது. சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்தெடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்பதை, 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் 1959-இல் உலகத்துக்கே எடுத்துக்காட்டியது. நம் ஊர் ஏழைகளை வைத்து நிறுவப்பட்ட அந்த உண்மையை நான் மிகவும் பெருமையாக நினைப்பவன். ஆனால் மருந்து இடையில் நின்றுவிடாமல் இருந்தால்தான் அது பலிக்கும். எட்டு மைல் நடந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்கு வரும் ஒரு நெசவாளரிடம், இன்று இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். மூன்றாம் முறை அவர் வரவில்லை.

1979-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் கண்ணாடி விரியன் கடித்த ஒருவரைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். எங்களிடம் இருந்த விஷமுறிவு மருந்துக் குப்பிகளை முந்தின வாரம் ஒரு சிறுமிக்குச் செலுத்தி, அவள் பிழைத்து வீட்டுக்குப் போயிருந்தாள். புதிய குப்பிகளுக்கு எழுதியிருந்தோம், வரவில்லை. செங்கல் லாரி ஒன்றை நிறுத்தி அவரை மதுரைக்கு ஏற்றிவிட்டோம். வழியில் காட்டாறு இறங்காததால் லாரி இரவு முழுவதும் கரையிலேயே நின்றது. நாங்கள் எழுதிக் கேட்ட குப்பிகள் பதினோரு நாள் கழித்து வந்தன. இருப்புப் பதிவேட்டில் அவற்றை வரவு வைத்து எழுதியது என் கைதான்.

மருத்துவச் செவிலியின் மகள் ஒருவரின் பகிர்வு

ஐயா, உங்கள் பதிவைப் படித்தபின் என் அம்மாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1968 முதல் அவர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் இயங்கும் ஒரு துணை நிலையத்தில் பணியாற்றினார். துணை நிலையம் என்பது பெயருக்குத்தான். மாத வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை அது; அதிலேயே நாங்களும் குடியிருந்தோம். யுனிசெஃப் கொடுத்த அலுமினியப் பெட்டி ஒன்று அம்மாவிடம் இருந்தது. நள்ளிரவில் யார் வந்து கதவைத் தட்டினாலும் அந்தப் பெட்டியையும் அரிக்கேன் விளக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பிரசவ வீட்டுக்குப் போனதும் அம்மா முதலில் கேட்பது அடுப்பும் ஒரு பாத்திரமும்தான். கத்தரிக்கோலையும் நூலையும் கொதிக்கவைத்த பிறகே மற்ற வேலை. தொப்புள்கொடியைக் கிடைத்த பிளேடால் அறுத்துச் சாம்பல் வைத்த வீடுகளில், பிறந்த ஒரு வாரத்துக்குள் பிள்ளை பால் குடிக்காமல் விறைத்து இறந்துபோவதை அவர் பல முறை பார்த்திருந்தார். அது பேய் பிடித்ததன்று, ரண ஜன்னி (டெட்டனஸ்) என்பதை ஊர்ப் பாட்டிமார்களிடம் சண்டை போடாமல் புரியவைக்க அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. பிறகு அந்தப் பாட்டிமார்களே கர்ப்பிணிகளை ஊசிக்கு அழைத்து வந்தார்கள்.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தர்ஜின் ஊசி மருந்து வெயிலில் வீரியம் குறைந்துவிடும். எங்கள் அறையில் மின்சாரமே கிடையாது. அம்மா மண்பானையில் ஈர மணலை நிரப்பி, மருந்துக் குப்பிகளைத் துணியில் சுற்றி அதற்குள் புதைத்து வைப்பார். பள்ளியிலிருந்து வந்ததும் அந்த மணலில் தண்ணீர் தெளிப்பது என் பொறுப்பு. ஒரு நாள் விளையாட்டில் மறந்துவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. யாருக்கு வைத்திருக்கும் மருந்து தெரியுமா என்று கேட்டு, பக்கத்துத் தெருவில் நிறைமாதமாக இருந்த அக்காவின் வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்று, வாசலில் நிற்கவைத்துக் காட்டினார்.

மருந்தாளுநரின் மறுமொழி

அம்மா, உங்கள் தாயாரைப் போன்ற செவிலியர்கள் பலர் என்னிடம் மாதந்தோறும் மருந்து வாங்க வருவார்கள். ஈரத் துணி சுற்றிய பானையோடு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கொடுப்பதற்காக நான்கு மெத்தர்ஜின் குப்பிகளை எப்போதும் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைத்திருப்பேன்; தணிக்கையில் அதற்காக விளக்கம் கேட்கப்பட்டு, எழுதியும் கொடுத்திருக்கிறேன். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டு, மாவட்டக் கிடங்கிலிருந்து, நிலையத்துக்கான ஒதுக்கீட்டைப் பதியும் பாஸ்புக்கைக் காட்டி மருந்து எடுக்கும் முறை வந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன். முதல் முறை வண்டி நிறைய மருந்தோடு திரும்பி, மாத்திரைகளை அட்டை அட்டையாக அலமாரியில் அடுக்கியபோது, அந்த நெசவாளர்தான் நினைவுக்கு வந்தார். அன்று மாலை நெடுநேரம் அலமாரியைப் பூட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.